பத்துக்குப் பத்து அறையில் ஏழு லட்சம்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். ஒருவர் பண்ருட்டி, ஒருவர் வில்லியனூர், இன்னொரு தம்பி சிதம்பரம். கேட்டது ஒரே கேள்வி: “அண்ணே, சொந்தமா ஸ்டுடியோ போடலாம்னு இருக்கேன், எந்த மைக் வாங்கலாம்?” மைக்கில் ஆரம்பித்தால் என் கதைதான் உனக்கும் என்று ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை கட்டிப்போனதால், ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறு வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன் நான். பகலில் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, ராத்திரியானால் ரிசப்ஷன் மேடை அல்லது திருவிழா மேடை. கொரோனாவில் மேடை படுத்துவிட்டது. சும்மா இருந்த நாட்களில் ஒரு துணிக்கடைக்கு முப்பது விநாடி விளம்பரப் பாட்டு ஒன்று வீட்டிலேயே போட்டுக் கொடுத்தேன். கையில் 4,000 ரூபாய் வைத்தார்கள். அந்த நாலாயிரம்தான் என் கண்ணைக் கட்டியது. 2022 ஜூனில் வேலையை விட்டேன். பி.எப். பணமும் சேமிப்பும் சேர்த்து 4,20,000. வீட்டுக்காரியின் பத்து சவரனை பேங்க்கில் வைத்து 2,80,000. விளம்பரப் பாட்டு, ஆட்டோ அறிவிப்பு, குறும்படத்துக்கு ஒலி எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு அடித்தேன். உள்ளே விளக்கு எரிகிற போர்டு, அதற்கே 11,000. நகை பெட்டியிலிருந்து வெளியே வந்த அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. “ரசீதைப் பத்திரமா வைங்க” என்றாள், அவ்வளவுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். பெட்டி போல் கச்சிதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய் 50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். விவரம் தெரிந்த ஒருத்தர் கூட இருந்திருந்தால் அங்கேயே கையைப் பிடித்து இழுத்திருப்பார். அப்புறம் வாங்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் 1,05,000. எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 58,000. எட்டு மைக் ஒரே நேரத்தில் மாட்டி ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பக்கூடிய ஆடியோ இன்டர்பேஸ் 55,000. இன்றுவரை அதில் இரண்டு துளைக்கு மேல் நான் பயன்படுத்தியதில்லை, மற்ற ஆறும் தூசி தின்கின்றன. 88 கட்டை கீபோர்டு, மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக், ஏ.சி., மேசை என்று முதல் ஐந்து வாரத்தில் ஐந்து லட்சம் போய்விட்டது. அதில் 42,000, நாலு சுவரிலும் மேலேயும் ஒட்டிய கறுப்பு நுரைப் பஞ்சுக்கு. படங்களில் பார்க்கிற ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

முதல் பெரிய வேலை ஒரு நகைக்கடை விளம்பரம், 18,000 பேசியிருந்தோம். அறையின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்ஸ் செய்தேன். கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்) கேட்கவே மாட்டேன் என்கிறது. ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். பேஸ் கிட்டாரையும் ஏற்றினேன். ஒருவழியாகத் திருப்தியாகி, கடைக்காரரின் காரில் போட்டுக் காட்டினேன். கார்க் கதவு நடுங்கியது. அவர் பயந்துபோய் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “தம்பி, நகைக்கடை விளம்பரம்பா, சாவு மேளம் இல்ல” என்றார். வெயிலில் நின்று ஈ என்று இளித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினாறு வருடம் வாசித்த காது என் காது. அதற்கே கேட்கவில்லையா என்ற கவலை.

காதில் கோளாறு இல்லை, அறையில்தான். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது மூன்று மீட்டர் சொச்சம். இரண்டு சுவருக்கு நடுவே போய்த் திரும்புகிற அலை ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 56 அதிர்வில், தன்மேலேயே விழுந்து நின்றுவிடும். அந்த சுருதி சுவரோரம் குமுறும், நட்டநடுவில் காணாமலே போகும். நீளம், அகலம், உயரம் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை மூன்று சுருதிகளில் பிரிந்து விழும். எனக்கு மூன்றும் ஒன்றாக இருந்ததால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிந்தது. கிக் டிரம்மின் உயிர் இருப்பதும் அங்கேதான். நான் போய் நாற்காலி போட்டதும், அது துளியும் கேட்காத இடத்தில்தான். 42,000 ரூபாய் பஞ்சு இதை ஒன்றும் செய்யாது. ஒன்றரை இஞ்ச் பஞ்சு தாளத்தின் ‘ச்ச்’ சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். அடிநாதம் அதைத் தாண்டிப் போய் சுவரில் முட்டித் திரும்பும். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று சொல்கிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். ஒட்டினால் பல்லி குடியேறும்.

ஆகவே அறை பார்க்கப் போகும்போது கையில் டேப்பும் ஒரு நல்ல புளூடூத் ஸ்பீக்கரும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால், அல்லது ஒன்று இன்னொன்றின் சரியான இரட்டிப்பாக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு அறை முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் குமுறி இன்னோரிடத்தில் வற்றினால் புரிந்துகொள்ளுங்கள். என்னைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது துறையில் சொல்கிற தொடக்கக் கணக்கு. அதில் வைத்து அங்கே இங்கே நகர்த்திக் கேளுங்கள். நான் தச்சரை வைத்து நாலடிக்கு இரண்டடி மரச் சட்டங்கள் செய்து, உள்ளே நாலு இஞ்ச் கனத்துக்கு ராக்வூல் (கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு) வைத்துத் துணி போர்த்தி, மூலைகளிலும் பின்சுவரிலும் நிறுத்தினேன். பதினாலு பலகைக்குக் கூலியோடு 31,000. ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்; நான் போடாமல் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். அது நெருப்புப் பிடிக்காது என்பது கூடுதல் நிம்மதி. மலிவான பஞ்சு பற்றினால் அறையே புகைக்கூண்டு. அளந்து பார்க்க ரூம் ஈக்யூ விசார்டு என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அளக்கிற மைக் ஒன்று மட்டும் வாங்கினால் போதும். பஞ்சை உரித்தபோது பெயிண்டும் கூடவே வந்தது. அதற்கு வீட்டுக்காரர் அட்வான்ஸில் 6,000 பிடித்தது தனிக் கதை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறைக்குள் ஒலியைச் சீராக்குவது வேறு, வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன். வெளிச் சத்தத்தை நிறுத்துவது கனமும் சந்தில்லாத அடைப்பும்தான். என் கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தது. திருப்பாப்புலியூர் ஸ்டேஷனை நெருங்குகிற ரயிலின் ஹாரன் அது வழியாகவே வந்து மைக்கில் உட்கார்ந்தது. ஆடி மாதத்தில் மூன்று தெரு அம்மன் கோயில்களின் ஒலிபெருக்கியும் சேர்ந்தது. பகலில் ஒரு வரிகூடப் பதிய முடியவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வேலை என்று ஆறு மாதம் கழிந்தது. பிறகுதான் கனமான மரக்கதவு, சுற்றிலும் ரப்பர், ஜன்னலுக்குச் செங்கல். எல்லாவற்றையும் அடைத்தபின் ஏ.சி. இரைச்சல் தெரிய ஆரம்பித்தது, அதை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால் பாட வந்த அக்கா வேர்த்து விறுவிறுத்து, “தம்பி, இது ரெக்கார்டிங் ரூமா, இட்லிப் பானையா?” என்று கேட்டார். இன்றும் இருபது நிமிடம் குளிரவிட்டு, நிறுத்தி, பதிந்து, மறுபடி போடுவதுதான் வழக்கம். இதற்கு மலிவான விடை நான் கண்டதில்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உயிர் போயிருக்கும். ஆரம்பம் முதல் எல்லாப் பதிவிலும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், இன்டர்பேஸைச் சர்வீசுக்கு அனுப்பினேன். மூன்று வாரமும் 7,000 ரூபாயும் தண்டம். மேடையில் பழகிய ஒருவர், பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடு, முனகல் நின்றுவிடும் என்றார். வெட்டினேன். நின்றது. மறுநாள் மைக் ஸ்டாண்டைத் தொட்டபோது கை உதறிப்போனது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தார், 14 வோல்ட் காட்டியது. இரண்டு மூன்றுக்கு மேல் போகக்கூடாதாம். சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டு, “இங்க பாருப்பா, எர்த் கம்பி பச்சையா அழகா வந்து, ஒண்ணுலயும் மாட்டாம சும்மா தொங்குது” என்றார். பழைய வீடு, கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் போலிருக்கிறது. பின்பக்கம் புதிதாகக் குழி தோண்டி செப்புக் கம்பி இறக்கியதற்கு 9,500. இந்த ஊர் உப்பு மண்ணில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடும் என்று அவர்தான் செம்பு போடச் சொன்னார். ஸ்டுடியோச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே லைனிலிருந்து இணைப்பு, ஸ்பீக்கருக்கு வழியில் இரைச்சல் ஏறவிடாத மூன்று முனை பேலன்ஸ்டு கேபிள், வீட்டு இன்வெர்ட்டருக்குப் பதில் சீரான அலையாகக் கரண்ட் தருகிற சைன் வேவ் யு.பி.எஸ். முனகல் போயே போய்விட்டது. வாடகைக்கு எடுக்கும் முன் இருநூறோ முந்நூறோ கொடுத்து எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய் எர்த்தை மட்டும் பார்த்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

அடுத்தது கடல். வெள்ளிக் கடற்கரை அங்கிருந்து பக்கம். சாயங்காலக் காற்று சுகம் என்று ஜன்னலை (அடைப்பதற்கு முன்) திறந்து வைத்து, கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். ஐப்பசி மழை பிடித்ததும் மைக்கில் அப்பளம் பொரிகிற சத்தம். உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டில் ஈரம் ஏறினால் இப்படித்தான் ஆகுமாம். சென்னைக்கு அனுப்பித் திரும்பி வர இரண்டரை மாதம். கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு. இப்போது வேலை முடிந்ததும் மைக் நேராக எவர்சில்வர் டப்பாவுக்குள் போகிறது, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மாதம் ஒருமுறை அவற்றை வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடுவேன். எங்கள் வீட்டில் இதற்கென்று தனி வாணலியே ஒதுக்கிவிட்டாள்.

இவ்வளவும் சரிசெய்து உட்கார்ந்தபோது, வருமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆட்டோ அறிவிப்பிலிருந்து. கடை திறப்பு விழா, ஆடித் தள்ளுபடி, தேர்தல் வேட்பாளர், பள்ளி அட்மிஷன். அதெல்லாம் ஒலிப்பது ஆட்டோ மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. நான் 56 ஹெர்ட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, என் சோறு இருந்தது 300-க்கு மேலே! ஒரு பழைய குழாய் ஸ்பீக்கரை 1,500-க்கு வாங்கி மொட்டைமாடியில் கட்டிச் சோதித்தேன். எதிர்வீட்டுத் தாத்தா, “என்னாப்பா, இங்கயே எலெக்‌ஷனா?” என்று கத்தினார். ஆனால் அந்த ஒரு நாளில் கற்றது அதிகம். குரலின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, நடுப்பகுதியைத் தூக்கி, மெல்லிய சொற்களும் பலத்த சொற்களும் ஒரே உயரத்தில் நிற்கும்படி அழுத்திக் கொடுத்தால் தெருமுனையிலிருந்தே கடை பெயர் புரிகிறது. பின்னணி இசை குறைவாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் உங்கள் ஒலி எதில் ஒலிக்கப்போகிறது என்று பார்த்துவிட்டு ஸ்பீக்கர் வாங்குங்கள். எட்டு இஞ்ச் ஜோடியை 34,000-க்கு விற்றுவிட்டு ஐந்து இஞ்ச் வாங்கிவிட்டேன். சின்ன அறைக்கு அதுவே அதிகம். கூடவே மூடிய வகை ஹெட்போன் ஒன்று, அப்புறம் வீட்டிலிருக்கிற பழைய போன். போனில் கேட்காமல் இன்று எதையும் அனுப்புவதில்லை.

சிறப்பொலி வேலை புதுச்சேரி குறும்படப் பையன்களால் வந்தது. நடை, கதவு, அடி, முறிவு என்று படத்தைப் பார்த்துக்கொண்டே கையால் செய்து பதிகிற இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர்; ஹாலிவுட்டில் இதைச் செய்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரே தொழிலுக்கு நிலைத்துவிட்டது. இதற்கென்று நான் பணம் செலவழித்தது மிகக் குறைவு, சந்தோஷப்பட்டதோ மிக அதிகம். எலும்பு முறிய நெல்லிக்குப்பம் கரும்பு. வயிற்றில் குத்து விழப் பண்ருட்டிப் பலாப்பழத்தில் ஓங்கி ஒரு அறை. நெருப்பு எரியக் காய்ந்த பனை ஓலையைக் கசக்கினால் போதும். குதிரைக்குக் கொட்டாங்கச்சி, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மெல்லிய சத்தங்களுக்கு மைக்கின் சொந்த இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். வாங்கும்போது ‘செல்ஃப் நாய்ஸ்’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பாட்டுக்கு அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மறைந்துவிடும். புடவை உரசலுக்கு மறையாது. வீடியோவுக்கு 48 கிலோ ஹெர்ட்ஸில் கொடுங்கள் (இது சுருதி இல்லை, விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற கணக்கு). வேகத்தைக் குறைத்து ராட்சசச் சத்தம் ஆக்கப் போகிறீர்கள் என்றால் 96-ல் பதியுங்கள். பழைய கை ரெக்கார்டர் ஒன்று 14,000-க்கு வாங்கியிருந்தேன். கடற்கரையில் முதல் நாள் பதிந்தது முழுக்க ‘புர்ர்’ என்ற காற்றடி. அப்புறம்தான் உரோமத் துணியில் ஓர் உறை. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையேறியபோது கரண்ட் இல்லை, அறை இருட்டு, ஐந்து லட்சம் சாமானும் மௌனம். பேட்டரியில் ஓடிய அந்த ரெக்கார்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்து மூன்று மணி நேரம் மழையும் காற்றும் பதிந்தேன். அந்தப் பதிவைத்தான் இதுவரை நாலு படத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஊர் மூழ்கிக் கிடந்த ராத்திரியைக் காசாக்குகிறோமே என்று முதல் முறை உறுத்தத்தான் செய்தது.

பேப்பர் விஷயத்தில் நான் பட்டது பணத்தைவிட மானத்துக்கு. ஆரம்பத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடுகிற இசைத் துண்டு) ஒரு கடையின் விளம்பரத்தில் அப்படியே போட்டேன். அவர்கள் யூடியூபில் ஏற்றிய மறுநாளே உரிமைக் கோரல் வந்துவிட்டது. அதே லூப்பை வேறொருவர் தன் பாட்டில் வைத்துப் பதிவு செய்திருந்தார். கடை முதலாளி ஊழியர்கள் முன்னாலேயே, “திருட்டுப் பாட்டுக்கா காசு குடுத்தேன்?” என்றார். வாங்கிய 12,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இணையத்தில் சத்தங்களை இறக்கிக்கொள்கிற ஃப்ரீசவுண்ட் போன்ற இடங்களில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி உரிமம் இருக்கிறது. சில எதற்கும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை வியாபாரத்துக்குத் தொடவே கூடாது. எங்கே எடுத்தேன், என்ன உரிமம், என்று எடுத்தேன் என்று இப்போது ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். திருட்டு மென்பொருளையும் விட்டுவிட்டேன், அதனோடு வந்த வைரஸில் இரண்டு மாத வேலை போனபின். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் சிறு வருமானக்காரர்களுக்கு 60 டாலர்தான். அதற்குள் எல்லாம் முடிகிறது.

நம் பாட்டுக்கும் இதே கதைதான். ஒரு வேட்பாளருக்குப் போட்ட மெட்டை வரி மட்டும் மாற்றி வேறு ஊரில் வேறொருவர் ஓட்டினார். கேட்டால், “காசு குடுத்தாச்சுல்ல?” என்றார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, எழுத்தில் உரிமையை ஒப்படைக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் எடுத்துக்கொள்கிறது. நான் ஒரு வரிகூட எழுதி வாங்கியிருக்கவில்லை. இப்போது வேலை தொடங்கும் முன் எந்தக் கடைக்கு, எந்த ஊரில், எத்தனை மாதம், எத்தனை முறை திருத்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து, பாதிப் பணம் முன்கூட்டியே. இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் தனிக் கூலி. இதைச் சொன்னதும் ஓடிப்போனவர்கள் உண்டு. அவர்கள்தான் பதினேழு முறை மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

சிதம்பரம் தம்பி கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறதாம். முதலில் அறையையும் எர்த்தையும் காட்டு, போர்டு அடிக்காதே, இரண்டு மைக் மாட்டுகிற இன்டர்பேஸ் போதும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அவன் பார்த்து வைத்திருக்கிற அறையைப் பார்க்கப் போகிறேன். டேப்பை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரியின் நகையில் ஆறு சவரன் திரும்பி வந்துவிட்டது, நாலு இன்னும் பேங்க்கில்.